மறுவீட்டுப் பந்திக்கு ஆள் வேண்டும்

ஏட்டி,

'அன்புள்ள மகளுக்கு' என்று ஆரம்பித்துவிட்டு அதை அடித்தேன். அன்பெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போதைக்கு உன்மேல் எனக்கு இருப்பது கோபம். போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாய். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது. கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் பேசிக்கொள்ளாத வீடு இந்தத் தச்சநல்லூரில் நம் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் தாக்கல் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன உன் அப்பா, "நீயே எழுதி அனுப்பிரு, என்னைய விட்டுரு" என்று தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பூக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். காலையிலிருந்து இந்த நாற்காலியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். சமையல்காரர் போன் பண்ணித் தேங்காய் யார் பொறுப்பு என்கிறார். மண்டபத்துக்காரர் ஜெனரேட்டர் உண்டா இல்லையா என்பதை இன்னும் சொல்லவில்லை. மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. இந்தக் கடிதமும் அங்கேயும் இங்கேயும் போகும். ஆராய்ச்சி மாணவர் சங்கச் செயலாளரான உனக்கு நீளமான தீர்மானங்களைப் படித்துப் பழக்கம் இருக்கும், இதையும் கடைசிவரை படி.

சண்டை என்ன என்பதை ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டில் நாம் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டைப் பற்றித்தான் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்குநேரியிலிருந்து அவர்கள் வேனில் வந்து இறங்கும்போது சந்தனமும் பன்னீருமாக, என்னிடம் புதிதாகச் சேர்ந்த மாணவன் சுடலை வாசலில் நிற்பான், உள்ளே இலை போட்டுச் சொதி ஊற்றுவதைப் பேச்சி பார்த்துக்கொள்வாள் என்றேன். "எந்தப் பேச்சி?" என்று கேட்டாய். தெரியாமலா கேட்டாய். என்னிடம் பிஎச்டி பண்ணுகிற பேச்சி, நம் வீட்டுக் குக்கர் விசில்கூட அவளுக்குப் பழக்கம். "எம்மா, அவ உன்கிட்ட ஆராய்ச்சி பண்ண வந்திருக்கா, பந்தி பரிமாற வரலை" என்றாய். "அவ நம்ம வீட்டுப் பிள்ளைலா" என்றேன். "வீட்டுப் பிள்ளைன்னா எனக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிடச் சொல்லு. எதுக்கு இலை போடச் சொல்லுத?" என்றாய். எனக்கு வாயடைத்துவிட்டது. வாயடைத்தால் எனக்குக் குரல் கூடும் என்று உனக்குத் தெரியும். பேச்சி இலை போட்டால் நீ பந்தியில் உட்காரமாட்டேன் என்றாய். அப்படியென்றால் உன் சங்கத்தையே வைத்துக் கல்யாணத்தை நடத்திக்கொள் என்றேன். போனை வைப்பதற்கு முன் நீ சொன்னதுதான் இன்னும் குடைந்துகொண்டிருக்கிறது. "ஒரே ஒரு தடவை அவகிட்ட கேளும்மா. மாட்டேன்னு சொல்லுததுக்கும் அவளுக்கு வழி இருக்க மாதிரி கேளு."

உங்கள் சங்கத்தின் கோரிக்கைகளை எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாய். மாதம் பிறந்தால் உதவித்தொகை வந்துவிட வேண்டும், விடுப்பு என்பது கைடின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது, கைடுமேல் புகார் என்றால் அந்தக் கைடு இல்லாத குழு விசாரிக்க வேண்டும். எல்லாவற்றையும் படித்துக் கைதட்டுகிற படம் போட்டேன். ஆராய்ச்சி மாணவரிடம் வீட்டு வேலை வாங்கக் கூடாது என்று இருந்ததே, அதற்கும் சேர்த்துத்தான் கைதட்டினேன். அது யாரோ வேறு கைடுகளைப் பற்றியது என்று நினைத்தேன். மாணவர்களைக் காய்கறி வாங்க அனுப்புகிறவர்கள், கார் கழுவச் சொல்லுகிறவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நானே ஸ்டாஃப் ரூமில் கேலி பேசியிருக்கிறேன். நான் அப்படியா? என் பிள்ளைகளுக்கு நான் பொங்கலுக்குத் துணி எடுத்துத் தருகிறேன். பேச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்து ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனது யார்? நீ சொல்லு.

நானும் இப்படித்தான் வந்தேன் என்று உன்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். என் கைடு வீட்டுக் கல்யாணம் அம்பாசமுத்திரத்தில். நீ வயிற்றில் இருந்தாய். காலையிலிருந்து பந்தி பந்தியாக நின்றேன். கடைசிப் பந்தியில் கைடின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்று "எனக்கு இன்னொரு மக இருக்கான்னு நினைச்சுக்கிடுதேன்" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக இத்தனை வருஷமும் அந்தக் கல்யாணத்தைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறேன். போன வாரம் உன் அப்பாவிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "மறுநாள் உன் காலு செருப்புக்குள்ள போகல, அதையும் சேத்துச் சொல்லு" என்றார். உண்மைதான், அவருடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனேன். அந்தக் கல்யாணத்தில் உட்கார ஒரு நாற்காலி கேட்டிருக்கலாம், ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்பதற்கு எனக்குத் தோன்றவே இல்லை, என் ஆய்வேடு கைடின் மேஜையில் இருந்தது.

சரி, நீ சொன்னபடியே கேட்டுப் பார்ப்போம் என்று திங்கட்கிழமை லேபுக்குப் போனேன். பேச்சி ஆராய்ச்சிக்காகச் சீவலப்பேரி ஆற்றிலிருந்து கொண்டுவந்த நத்தைகளைத் தட்டில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். "பேச்சி, உனக்குச் சோலி கிடக்குன்னா மறுவீட்டுக்கு நீ வரணும்னு இல்ல" என்றேன். "இல்ல மேடம், வந்திருதேன்" என்றாள். "பிடிச்சுத்தான் வாரியா?" என்றேன். "பிடிச்சுத்தான் மேடம்" என்றாள். எனக்கு வெற்றி என்றுதான் நினைத்தேன், உனக்குப் போன் பண்ணிச் சொல்லலாம் என்றுகூட எடுத்தேன். ஆனால் அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்கு வா என்றால் இதே குரல்தான். என் இளங்கலை வகுப்பை நீ எடுத்துவிடு, எனக்குக் கூட்டம் இருக்கிறது என்றாலும் இதே குரல். உதவித்தொகை இந்த மாதமும் வரவில்லையாமே என்று கேட்டால் "பரவாயில்ல மேடம்" என்பதும் இதே குரல். அவளுக்கு வேறு குரல் உண்டா என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் வேறு மாதிரி முயன்றேன். கேட்டால்தானே சரி என்கிறாள், கேட்காமல் விட்டுவிடுவோம் என்று, "மறுவீட்டுக்கு நீ வர வேண்டாம் பேச்சி, நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு. மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் லேபில் இருக்கிற அலமாரி முழுக்கத் துடைத்து, பாட்டில்களுக்கெல்லாம் புதிதாகப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். சுடலை என்னைக் கண்டதும் பைய வெளியே நழுவினான். பேச்சி கதவோரமாக நின்று, "நான் என்ன தப்பு பண்ணினேன் மேடம்?" என்றாள். கண் சிவந்திருந்தது. தப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவள் நம்பவில்லை. கோபத்தில்தான் ஒதுக்கிவிட்டேன் என்று அவளும் சுடலையும் முடிவு கட்டியிருக்கிறார்கள். கடைசியில் நானே, "சரி, அழாத, மறுவீட்டுக்கு வா" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து காபி டம்ளரைத் தொப்பென்று வைத்து, "நான் என்ன புலியா சிங்கமா, என்னைப் பாத்து எதுக்குப் பயப்படணும்?" என்று உன் அப்பாவிடம் சண்டைக்குப் போனேன்.

உன் அப்பாவுக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் பேச வரும். "ஏட்டி, மின்சார ஆபீஸ்ல நாங்க சங்கம் வெச்சிருந்தோம். எங்க இன்ஜினியர் தங்கமான மனுசன். ஆனாலும் அவருகிட்ட முடியாதுன்னு சொல்லப் போகும்போது எனக்கு முன்னால ரெண்டு பேரு, பின்னால ரெண்டு பேரு நிப்பாங்க. அந்தப் பிள்ளைக்கு உன் முன்னால யாரு நிக்கா?" என்றார். "நான் இருக்கேன்லா?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூறுகெட்ட பதில் என்று எனக்கே தெரிந்தது. அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

அன்றிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்திரிகை வைக்கப் போகிற வீட்டில்கூட நினைப்பு பேச்சியிடமே போகிறது. முதல் பஸ்ஸில் பாபநாசம் போய், அங்கிருந்து ஆற்றோரமாகவே இறங்கி இறங்கிப் புன்னைக்காயல் வரைக்கும் ஐஸ் பெட்டியைச் சுமந்து அவள் எடுத்துவருகிற நத்தைகள்தான் என் பெயர் முன்னால் போட்டு வந்த கட்டுரைகள். அவளுடைய அக்கா கல்யாணம் கங்கைகொண்டானில் நடந்தபோது ஆற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த சமயம். இந்த வாரச் சாம்பிள் விட்டுப்போனால் வருஷமே வீண் என்று நான் சொல்லியிருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் அவள் பட்டுப்புடவையோடு முறப்பநாட்டுக்குப் போய் ஆற்றில் இறங்கிவிட்டாள். அந்தப் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் நிற்கிற படம் என் போனில் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன், 'என் பிள்ளையோட சிரத்தையப் பாருங்க' என்று. சொந்த அக்கா கல்யாணத்தில் அவள் சாப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை. இப்போது என் மகள் கல்யாணத்தில் அவள் சொதி ஊற்ற வேண்டும் என்று நிற்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பேச்சியின் சினாப்சிஸ் என் மேஜையில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால்தான் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும், அது போனால்தான் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். நாலாவது அத்தியாயத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். நாலாவது அத்தியாயத்தில் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணம் முடியட்டும் என்று நினைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் வேலை தேடி அலைய ஆரம்பித்துவிடுவாள், கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டாள், பத்திரிகைக்கு மஞ்சள் தடவக்கூட ஆள் இருக்காது. இதை நான் ஒருநாளும் இப்படி வெளிப்படையாக நினைத்ததில்லை. நாலாவது அத்தியாயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் சங்கக் கூட்டத்தில் இதை உதாரணமாகச் சொல்லிக்கொள், என் பெயரை மட்டும் விட்டுவிடு.

வியாழக்கிழமை காலையில் போய்க் கையெழுத்தைப் போட்டேன். போட்டுவிட்டு அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மேஜையில் இருக்கும்வரை அது என் கையில்தானே இருக்கிறது. யாரிடமும் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. உன் அப்பாவை ஸ்கூட்டரோடு வரச்சொல்லி, பின்னால் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்த கிளார்க் அண்ணாச்சி, "என்ன மேடம், ஸ்காலர் வரலையா, நீங்க எதுக்கு அலையுதீய?" என்று கேட்டார். நானும் ஒருநாள் அலைந்து பார்க்கலாமே என்று வந்தேன் என்றேன்.

சாயந்தரம் பேச்சியோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். லேபில் வைத்துக் கேட்டால் அங்கே நான்தான் உட்கார்ந்திருப்பேன், அவள் நின்றுகொண்டிருப்பாள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேருக்கும் ஒரே சிமெண்டுப் பலகை. "உன் சினாப்சிஸ் போயாச்சு, நானே குடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. "நாலாவது சேப்டர் மேடம்?" என்றாள். "அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். பிறகு சொன்னேன். "இனி உன்னைப் பிடிச்சு வைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. வைவா பரீட்சை இருக்கு, அதுக்கும் நான் வேணும்தான். அதுல ஒரு குறையும் வராது, நம்புததும் நம்பாததும் உன் இஷ்டம். இப்பக் கேக்கேன். மறுவீட்டுக்குச் சோலி பாக்க வாரியா, சாப்பிட வாரியா, இல்ல வரவே இல்லையா?"

ஒரு பஸ் வந்து நின்று போனது. அது அவள் ஏற வேண்டிய பஸ்தான். அவள் ஏறவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"வரலை மேடம்" என்றாள்.

ஏன் என்று கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கேட்டுவிட்டேன். "சும்மாதான் மேடம். அன்னைக்குப் பூரா தூங்கணும்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தலையைத் தூக்காமலே சொன்னாள். "எங்க அப்பா கம்பெனியில ஷிஃப்ட் முடிஞ்சா பஸ் வந்து ஏத்திட்டுப் போயிரும் மேடம். அங்கன அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. எனக்கு எப்ப முடியும்னே தெரியாது." அவளுக்கு வேறு குரல் உண்டு. நான் கேட்டுவிட்டேன்.

உனக்கு இது நல்ல சேதியாக இருக்கும். எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லமாட்டேன், எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ரசம் வைத்துக் கொடுத்த கைக்கு இதுதானா என்று நினைத்தேன். சாப்பிடவாவது வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவளிடம் பேச வேண்டியதை எனக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தேன். குறுக்குத்துறைத் திருப்பத்தில் ஓர் ஆட்டோக்காரர் "யம்மா, ஓரமாப் போங்க" என்று சத்தம் போட்டார். அந்த அவயம் கேட்டுத்தான் நின்றேன். மாட்டேன் என்று சொல்ல வழி வைத்துக் கேள் என்று நீ சொன்னாய். வழியை வைத்துவிட்டு, அவள் அந்த வழியில் போய்விட்டாள் என்று ஆத்திரப்பட்டால் அது என்ன நியாயம் என்று நான்தான் என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறிவிடும்.

கல்யாணம் ஆகிப் போகிற மகளுக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு இந்த வாரம் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளை நல்ல பையன். நல்ல பையன்கள்தான் அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர்கள், ஏனென்றால் நானும் நல்ல கைடு என்றுதான் பெயர் வாங்கியிருக்கிறேன். நீ எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு அது சந்தோஷமாகவே இருக்கும், உன் குரல் ஒன்றுபோலவே இருப்பது அவர் காதில் விழாது. நீ சொல்லுவதற்கெல்லாம் அவர் சரி என்று சொன்னால் உனக்கும் அப்படித்தான். இன்னொன்று உன் சங்கத்துக்கு. நீ படிக்கிற ஊருக்கு நான் வந்திருந்தபோது ஒரு கூட்டம் நடத்தினீர்கள். நீ மைக்கில் நன்றாகத்தான் பேசினாய். ஆனால் நாற்காலி சுமந்ததும் போஸ்டர் ஒட்டியதும் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான். அவர்களை எப்படிக் கேட்டாய் என்று யோசித்துப் பார். நீ என் மகள், இது ரத்தத்தில் வரும்.

இப்போது சுடலை விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. அவன் சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவன் விஷயத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுவிட என்னிடம் ஒன்றுமே இல்லை, இனிமேல் வருவது முழுவதும் என் கையில்தான் இருக்கிறது. அவனிடம் எந்தப் பலகையில் உட்கார்ந்து கேட்டாலும் "சரி மேடம்" என்றுதான் சொல்லுவான். நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வையுங்களேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்கும் "சரி மேடம்" என்பான், சாயந்தரமே ஆரம்பித்து எனக்குச் செயலாளர் பதவியும் தந்துவிடுவான். அதனால் நீ வரும்போது அவனிடமும் மற்ற டிபார்ட்மெண்டுப் பிள்ளைகளிடமும் பேசு. நம் வீட்டில் வைத்துப் பேசாதே. என்னிடம் வந்து ஒன்றும் சொல்லாதே. என்ன பேசினாய் என்று கேட்டு நான் துளைத்தாலும் சொல்லாதே.

பந்திக்கு ஆள் வேண்டும். உன் சித்தியும் நானும் இலை போடுகிறோம், உன் அப்பா சொதி வாளியைத் தூக்கட்டும், ரிட்டயர் ஆன பிறகு அவருக்கும் ஒரு வேலை. சங்கத்துக்காரர்களைக் கூட்டிவந்தால், கேட்டுக் கூட்டி வா. நீ பேசாமல் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, இனி உனக்கு எழுந்திருக்கக் காரணம் இல்லை.

பேச்சிக்கு ஒரு தூக்குச்சட்டியில் சொதியும் இஞ்சித் துவையலும் போட்டு ஹாஸ்டலுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். சமையல்காரரிடம்கூடத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். சற்று முன்னால்தான் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாராவது கொண்டுபோய்க் கதவைத் தட்டினால் அந்தப் பிள்ளை எழுந்துவிடும்.

அம்மா